முட்டை அறையும் நூற்றைம்பது சொற்களும்

ஜூலை 3, புதன்

இன்று முதல் நடப்பதையெல்லாம் இந்த நாட்குறிப்பில் உண்மையாக எழுதப் போகிறேன். எதையும் மறைக்க மாட்டேன், எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன், எனக்குப் பெருமை தராத சங்கதியாக இருந்தாலும் விட மாட்டேன். பெரிய பொறுப்பு ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. பிற்காலத்தில் யாராவது கேட்டால் ஆதாரம் வேண்டும்.

என் பெயர் இசக்கிப்பிரியா. வடக்குப்பாறையூர் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளியில் நூலகம் இருக்கிறது. ஆனால் அதற்குள் முட்டைகள் இருக்கின்றன. சத்துணவு முட்டைகள். கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது அட்டை அட்டையாக அடுக்கி வைத்திருந்தார்கள். கவிதை அலமாரிக்கு முன்னால் ஓர் அடுக்கு, அறிவியலுக்கு முன்னால் ஓர் அடுக்கு. பிள்ளைகள் உள்ளே போனால் உடைத்துவிடுவார்கள் என்று பூட்டிவிட்டார்கள். சாவி சத்துணவு அமைப்பாளர் சண்முகக்கனி அக்காவின் இடுப்பில் தொங்குகிறது. நூலகம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. முட்டை ரூம்.

ஏப்ரல் மாதம் நான் ஒரு தடித்த நாவலைப் பாதியில் விட்டிருந்தேன். மூன்று சகோதரிகள் கப்பலில் போகிறார்கள். புயல் வருகிறது. கடைசித் தங்கை பாய்மரத்தின் உச்சியில் ஏறிக்கொள்கிறாள். ஏப்ரலிலிருந்து அவள் அங்கேயேதான் இருக்கிறாள்.

காலையில் ஹெச்.எம். டீச்சர் என்னைக் கூப்பிட்டார்கள்.

“பக்கத்து ஊர் ஸ்கூல்ல நம்ம புத்தகத்த எல்லாம் கேக்காங்கட்டி. பூட்டித்தான கெடக்கு, எங்களுக்காவது தாங்கன்னு. ஆகஸ்ட் கடைசிக்குள்ள லைப்ரரியத் தொறக்கலன்னா குடுத்துத்தான் ஆகணும். என்னால எத்தனை தடவ இல்லன்னு சொல்ல முடியும்?”

மெட்ராஸில் வெண்பூ அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறதாம். பள்ளிகளுக்கு ஏதாவது ஒரு தேவையை நிறைவேற்றித் தருகிறார்களாம். ஆனால் விண்ணப்பத்தை மாணவிதான் தன் சொந்த நடையில் எழுத வேண்டுமாம்.

“நம்ம ஸ்கூல்லயே அதிகமா அடிஷனல் ஷீட் வாங்குத பிள்ள நீதான? எழுது” என்றார்கள்.

இது உண்மை. முழு ஆண்டுத் தேர்வில் நான் மறுபடி மறுபடி எழுந்து தாள் கேட்டதால், மேற்பார்வைக்கு வந்த டீச்சர் தாள் கட்டையே என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

விண்ணப்பம் நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது சும்மா போட்டிருப்பார்கள்.

ஜூலை 4, வியாழன்

காலையில் அரிசி களைந்து வைத்தேன். குழாயில் தண்ணீர் பிடித்தேன். பிறகு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் விளிப்பு. எங்கள் ஊரில் எந்த விழாவானாலும் மேடையில் இருப்பவர்கள் ஒருவரையும் விடாமல் வரிசைப்படி விளிக்க வேண்டும். போன ஆண்டு விழாவில் வரவேற்புரை சொன்ன அக்கா பி.டி. டீச்சர் பெயரை விட்டுவிட்டாள். அந்த வாரம் முழுக்க யாருக்கும் பந்து கிடைக்கவில்லை. அதனால் நான் கவனமாக, பெருமதிப்பிற்குரிய அறக்கட்டளைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே என்று தொடங்கி, இந்த விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கவிருக்கும் அலுவலர் அவர்களே என்பது வரை கொண்டுவந்தேன். பிறகு எங்கள் பள்ளியின் பக்கத்து ஆட்களையும் விளித்தேன். பிறகு முன்னுரை. மனிதன் எழுதக் கற்றுக்கொண்டதிலிருந்து தொடங்கினால்தான் நூலகத்தின் அருமை புரியும். பிறகு உட்தலைப்புகள், அடிக்கோடு, இடையிடையே மேற்கோள், கடைசியில் முடிவுரை. பரீட்சையில் இப்படித்தானே முழு மதிப்பெண் தருகிறார்கள்.

தமிழையா படித்துவிட்டு, “தேன், அம்மா, தேன்!” என்றார். குகை மனிதனுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு அடைமொழி சேர்த்தார்.

சாயங்காலம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள். குகை முடிந்து, பனையோலை முடிந்து, அச்சு இயந்திரம் வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அம்மா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

“எப்படிம்மா இருக்கு?”

அம்மா திடுக்கிட்டு, “முடிஞ்சிட்டா?” என்றாள்.

“இல்லம்மா, இது முன்னுரைதான்.”

“ஏ யம்மா!” என்றாள். ஆச்சரியம் தாங்கவில்லை போலும்.

ஜூலை 5, வெள்ளி

விண்ணப்பம் போய்விட்டது. கிளார்க் சார்தான் கம்ப்யூட்டரில் அடித்தார். சார் ஒற்றை விரலால்தான் அடிப்பார். காலை மணி அடித்ததும் உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பொத்தானை அழுத்திவிட்டு, விரலை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுக்கொண்டு, “நல்லா இரு தாயி” என்றார். வாழ்த்தினார் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் உண்மையை எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் பீரியடில் ஹெச்.எம். அறைக்கு வரச் சொன்னார்கள். அறக்கட்டளையிலிருந்து நிவேதா மேடம் என்பவர் போனில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“உங்க விண்ணப்பம் வந்துச்சும்மா. கொஞ்சம் குழப்பமா இருக்கு. எங்க பெட்டி நூத்தைம்பது சொல்லுக்கு மேல எடுக்காது, அதுவே நிறுத்திடும். உங்களுது, ‘அன்று குகையில் வாழ்ந்த ஆதி மனிதன் கூரிய கல்லைக் கையில் எடுத்து’ அப்படின்னு நிக்குது. எடுத்து என்ன பண்ணான்?”

ஹெச்.எம். டீச்சர் என்னைப் பார்த்தார்கள்.

“சுவரில் கிறுக்கினான் மேடம்” என்றேன்.

“ஓ. அப்போ உங்க ஸ்கூலுக்கு என்ன வேணும்? சுவருக்குப் பெயின்ட்டா?”

மேடம் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் மோசம். முக்கால்வாசிப் பெட்டியை விளிப்பே அடைத்துவிட்டதாம். என்ன வேண்டும் என்று எங்குமே இல்லையாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் திரும்ப எழுதி அனுப்பினால் பார்ப்பார்களாம்.

வெளியே வந்து பைப்படியில் முகம் கழுவினேன். வெயில் அதிகம், அதனால்தான் கண் சிவந்திருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

விண்ணப்பத்தைத் திருத்த ஹெச்.எம். அறையில் கூட்டம் போட்டார்கள். நான் விளிப்பை வெட்டலாமா என்று கேட்டேன்.

“கொஞ்சமா வெட்டு. ஆனா ஸ்கூல் ஆரம்பிச்ச வருசம் வரணும்” என்றார்கள் ஹெச்.எம். டீச்சர்.

“வாலிபால் நெட்டு கிழிஞ்சு கெடக்கு. ஓரமா அதையும் போடு” என்றார்கள் பி.டி. டீச்சர்.

“மேற்கோள் ஒண்ணாச்சும் இருக்கட்டும் அம்மா. மேற்கோள் இல்லாத கட்டுரை பொட்டில்லாத நெத்தி மாதிரி” என்றார் தமிழையா.

டீ கொண்டு வந்த சண்முகக்கனி அக்கா, “எம்பேரு வருமா?” என்று கேட்டார்கள். “ஒரு மூலையில வந்தாப் போதும். இன்ஷியலோட.”

எல்லாவற்றையும் சேர்த்தேன். குகை மனிதனை மட்டும்தான் வெளியேற்ற முடிந்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் சரியாக நூற்றைம்பது சொற்கள். நூலகம் என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது, அதுவும் வாலிபால் நெட்டுக்குப் பிறகு.

மதியம் வேப்பமரத்தடியில் ஜெபசெல்வியிடம் எல்லாம் சொன்னேன். ஜெபசெல்வி என் பெஞ்சுக்காரி. அவளுக்குப் பிடித்த சொல் ‘ம்’. புத்தகங்கள் பக்கத்து ஊருக்குப் போய்விட்டால் பாய்மரத்துத் தங்கையின் கதி என்ன என்று விளக்கினேன். புயலைப் பற்றியும், பாயின் நிறம் பற்றியும், மூத்தவள் ஏன் நடுத்தங்கையோடு பேசுவதில்லை என்பது பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தேன். மணி அடிக்கப் போகும் நேரம். ஜெபசெல்வி டிபன் பாக்ஸை மூடினாள்.

“கீழ எறங்கிட்டா. மூணு பேரும் ஊருக்கு வந்துட்டாளுக. கப்பல் முங்கிட்டு” என்றாள்.

“நீ படிச்சிருக்கியா?”

“ம்.”

“ஒரு நாவல் முழுக்க நாலு சொல்லுல சொல்லிருவியாட்டி நீ? மனுசிதானா நீ?”

“நாலு இல்ல” என்றாள் அவள். எண்ணத் தொடங்கினாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

ஜெபசெல்வியோடு பேசவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் இல்லை.

துணி துவைத்தேன். நீலச் சுடிதாரில் மை போகவில்லை.

ஒரே ஒரு விஷயம். அவள் சொன்னது காதிலேயே நிற்கிறது. கப்பல் முங்கிட்டு. எனக்குக் கடலே தெரிந்தது. நான் புயலை எவ்வளவு நேரம் சொல்லியும் அவள் முகத்தில் ஒரு துளி தண்ணீர் பட்ட மாதிரி இல்லை. இது ஏன் என்று தெரியவில்லை. கோபத்தில் இருப்பதால் அதிகம் யோசிக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

ஜெபசெல்வியிடம் மன்னிப்புக் கேட்பதற்காக நேற்று ஒரு பேச்சு தயாரித்திருந்தேன். நட்பின் இலக்கணத்தில் தொடங்கும். நான் வாயைத் திறந்ததுமே அவள் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள்.

“வேணுமா?”

வாங்கிக்கொண்டேன். சமாதானம் முடிந்துவிட்டது. பேச்சு வீண்.

“நான் அந்தப் புத்தகத்தப் படிக்கல” என்றாள் அவள்.

“என்னது?”

“நீ பேசிக்கிட்டே இருந்த. பெல்லு அடிக்கப் போச்சு. முடிச்சு வச்சேன்.”

முறுக்கோடு அவள் தலையில் ஒன்று வைத்தேன். அப்படியானால் தங்கை இன்னும் உச்சியில்தான் இருக்கிறாள்! கப்பல் முங்கவில்லை! புத்தகங்கள் எங்கேயும் போகக் கூடாது. ஜெபசெல்வியைக் கையோடு இழுத்துக்கொண்டு போய், கூட்டத்தில் திருத்திய விண்ணப்பத்தை வாசித்துக் காட்டினேன். இந்த முறை அவள் ‘ம்’ கூடச் சொல்லவில்லை.

“முட்டை ஏன் அங்கன இருக்கு?” என்றாள்.

எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன், முட்டை என்ற சொல்லையே எழுதவில்லை. விண்ணப்பத்தில் முட்டை என்று எழுதினால் கௌரவமாக இருக்காது என்று நினைத்திருந்தேன்.

இரண்டு பேரும் சமையல் கூடத்துக்குப் பின்னால், முன்பு முட்டைகளை வைத்திருந்த பழைய ஸ்டோர் ரூமுக்குப் போனோம். மரக்கதவு. கீழ்ப்பகுதி உளுத்து மாவாகிக் கிடந்தது. ஜெபசெல்வி செருப்போடு காலை உள்ளே விட்டாள். முழங்கால் வரை போனது.

“யாருட்டி அது, எலியா?” என்று சமையல் கூடத்திலிருந்து சண்முகக்கனி அக்கா கத்தினார்கள்.

“நாங்கதான்க்கா.”

“கால எடுங்கட்டி. மிச்சம் இருக்குத கதவும் விழுந்துரப் போகுது. இது வழியாத்தான வந்து முட்டையெல்லாம் உருட்டிட்டுப் போச்சு சனியன். இல்லன்னா நான் ஏன் புத்தகத்துக்கு நடுவுல போயி அடுக்கப் போறேன்? உள்ள போனாலே தும்மி தும்மிச் சாவுதேன்.”

ஜெபசெல்வி காலைத் தட்டிக்கொண்டே, “நீ லைப்ரரி கேக்காத. கதவு கேளு” என்றாள்.

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன். எழுதியது சிறிய தாளில் பாதிக்குக்கூட வரவில்லை. அம்மாவுக்கு வாசித்தேன். அம்மா பீடி இலையைக் கீழே வைத்துவிட்டு, “எலி இன்னும் வருதா?” என்று கேட்டாள்.

இதுவரை நான் எழுதிய எதையும் பற்றி அம்மா கேள்வி கேட்டதில்லை.

ஜூலை 12, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சிறிய தாளை மடித்துப் பையில் வைத்திருந்தேன். காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அதைப் படித்துவிட்டு யாரும் தேன் என்று சொல்ல மாட்டார்கள்.

மதியம் வரை ஹெச்.எம். டீச்சருக்குப் பெற்றோர் கூட்டம். அதனால் நாலரை மணிக்குத்தான் எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். கூட்டத்து விண்ணப்பத்தை ஹெச்.எம். டீச்சர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்கள். கிளார்க் சார் விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

“பெருமதிப்பிற்குரிய...”

சார் ‘பெ’ எங்கே என்று தேடினார். கண்டுபிடித்தார். அப்போது கரண்ட் போனது.

காற்றாடி நின்றது. மேசைக்கு அடியில் பேட்டரிப் பெட்டி கீ கீ என்று கத்த ஆரம்பித்தது.

“டீச்சர், இது பத்து நிமிசம் தாங்குனாப் பெரிய விசயம். நெட்டுக்கு என் போன் இருக்கு. ஆனா இவ்வளத்தையும் என்னால அடிக்க முடியாது. இன்னும் பெருமதிப்புக்கே வரல” என்றார் கிளார்க் சார்.

“நெட்டு வேண்டாம்னு சொல்லுதீங்களா?” என்றார்கள் பி.டி. டீச்சர் சத்தமாக.

“வாலிபால் நெட்டச் சொல்லல டீச்சர்!”

“முதல் பத்திய மட்டும் அடிச்சு அனுப்பிருவோமா?” என்றார் தமிழையா.

“மறுபடியும் குகையிலேயே நிக்கவா?” என்றார்கள் ஹெச்.எம். டீச்சர். இந்த முறை குகை மனிதன் இல்லை என்று நான் சொல்ல நினைத்தேன். நேரம் இல்லை.

ஜெபசெல்வி என் முதுகில் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். நான் தாளை எடுத்து நீட்டினேன். அதில் இருந்தது இதுதான்:

‘எங்கள் பள்ளிச் சத்துணவுப் பொருள் அறையின் மரக்கதவு உளுத்துவிட்டது. எலி வருகிறது. அதனால் முட்டைகளை நூலகத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஜூன் மாதத்திலிருந்து நாங்கள் ஒரு புத்தகமும் படிக்கவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு புத்தகங்கள் வேறு ஊருக்குப் போய்விடும். எங்களுக்கு ஓர் இரும்புக் கதவு வேண்டும். கதவு வந்தால் முட்டைகள் வெளியே போகும். நாங்கள் உள்ளே போவோம்.’

ஹெச்.எம். டீச்சர் இரண்டு முறை படித்தார்கள்.

“ஒரு வணக்கம்கூட இல்லையேட்டி. நூத்தைம்பது குடுத்திருக்காங்க, மிச்சத்த என்ன செய்ய?”

“அவங்களே வச்சிக்கிடட்டும் டீச்சர்” என்றாள் ஜெபசெல்வி.

“உவமை ஒண்ணுகூட இல்ல” என்றார் தமிழையா, வருத்தமாக.

“எலி இருக்கு ஐயா” என்றேன்.

பேட்டரிப் பெட்டியின் கத்தல் வேகமானது. ஹெச்.எம். டீச்சர் எங்கள் எல்லோரையும் பார்த்தார்கள், என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்கள். “அடிங்க சார்” என்றார்கள்.

கிளார்க் சார் அப்படி அடித்து யாரும் பார்த்ததில்லை. இரண்டாவது விரல்கூட ஒரு முறை வெளியே வந்தது. ‘உள்ளே போவோம்’ என்று அடித்து, பொத்தானை அழுத்தி, போய்விட்டது என்று திரையில் வந்த உடனே திரை கறுப்பாகிவிட்டது.

பிறகு சண்முகக்கனி அக்கா வாசலிலிருந்து கேட்டார்கள்: “எம்பேரு வந்துச்சா?”

ஜூலை 15, திங்கள்

ஒன்றும் வரவில்லை.

ஜூலை 17, புதன்

ஒன்றும் வரவில்லை. பக்கத்து ஊர் ஸ்கூலிலிருந்து ஒரு சார் வந்து, எத்தனை அலமாரி என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 18, வியாழன்

சாக்குப்பை எத்தனை வேண்டும் என்று கேட்டு அந்த சார் போன் செய்தாராம்.

ஜூலை 22, திங்கள்

நிவேதா மேடம் போன் செய்தார்! ஹெச்.எம். டீச்சர் ஸ்பீக்கரில் போடுவதற்குள் பொத்தானை மாற்றி அழுத்தித் துண்டித்துவிட்டார்கள். மறுபடி வந்தது.

“கதவு தர்றோம்மா. படிச்ச உடனே முடிவு பண்ணிட்டோம். ஆனா ஒரு கேள்வி. கதவு என்ன அளவு?”

அளவு எழுதவில்லை. சுருக்கமாக எழுதிய சந்தோஷத்தில் அதையும் சுருக்கிவிட்டேன். மேடம் போனில் காத்திருக்க, நானும் ஜெபசெல்வியும் ஸ்டோர் ரூமுக்கு ஓடினோம். அளவு நாடா இல்லை. ஜெபசெல்வி கதவோடு ஒட்டி நின்றாள், நான் அவள் தலைக்கு மேலே சாண் வைத்தேன். ‘ஒரு ஜெபசெல்வி, அதற்கு மேல் மூன்று சாண்’ என்று ஓடிவந்து சொன்னேன். மேடம் வெகுநேரம் சிரித்தார். ஆள் அனுப்பி அளந்துகொள்கிறோம் என்றார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கதவு வந்துவிட்டது. நீலம். பூட்டினால் கடகட என்று ஊருக்கே கேட்கிறது. மதியம் முட்டைகளை வெளியேற்றினோம். வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனோம். ஒன்றுதான் உடைந்தது. நான்தான் உடைத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

புதுச் சிக்கல். நிதியை எப்படிப் பயன்படுத்தினோம் என்று அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமாம். இரண்டாயிரம் சொற்களுக்குக் குறையக் கூடாதாம். அறிக்கை போய்ச் சேர்ந்தால்தான் கதவுக் கணக்கு முடியுமாம். கணக்கு முடிந்த பிறகு நூலகத்தைத் திறக்கலாம் என்கிறார்கள் ஹெச்.எம். டீச்சர்.

“அடிஷனல் ஷீட், உனக்குத்தான் இது” என்றார்கள் மகிழ்ச்சியாக.

உட்கார்ந்தேன். ‘கதவு பொருத்தப்பட்டது. எலி வரவில்லை. முட்டைகள் நலம்’ என்று எழுதினேன். அதற்கு மேல் என்ன எழுதுவது? ஜெபசெல்வியிடம் காட்டினேன்.

“முட்டைகள் நலம் எதுக்கு?” என்றாள். அந்தச் சொற்களை அடித்துவிட்டேன்.

பகல் முழுக்க முயன்றேன். ஒரு சொல் சேர்த்தால் இன்னொரு சொல் சும்மா நிற்பது கண்ணில் படுகிறது. அடிக்காமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் தாளை ஹெச்.எம். டீச்சரிடம் கொடுத்தேன். அதில் நான்கு சொற்கள் இருந்தன. டீச்சர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள்.

தமிழையா மெதுவாகத் தொண்டையைச் செருமினார். “டீச்சர் அனுமதிச்சா, நான் வேணும்னா...”

அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். இந்த மனிதர் எத்தனை வருடமாக இதற்காகக் காத்திருந்தாரோ. அங்கேயே உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். எட்டிப் பார்த்தேன். ‘அன்று குகையில் வாழ்ந்த ஆதி மனிதன், வாசலில் ஒரு பெருங்கல்லை உருட்டி வைத்தபோதே...’

கிளார்க் சார் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அறிக்கை போய்ச் சேர்ந்தது. சண்முகக்கனி அக்காவின் பெயர் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. இன்ஷியலோடு.

ஆகஸ்ட் 19, திங்கள்

நூலகத்தைத் திறந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் முட்டை வாசம் இருக்கிறது. கடைசி பீரியடிலிருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் ஜெபசெல்வி. அவளும் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறாள், என்னிடம் பேசக் கூடாது என்று கையைக் காட்டுகிறாள். மழை வருகிற மாதிரி இருட்டியிருக்கிறது. எழுத நிறைய இருக்கிறது, ஆனால் பாய்மரத்துத் தங்கை மடியில் திறந்து கிடக்கிறாள், படிக்க வேண்டும்.

பூட்ட வந்த கிளார்க் சார் விளக்கை அணைத்துவிட்டார்.